ஒரே ஆள் மெத்தடும் மச்சானின் பல்லும்

பல் ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் அந்த மனுஷருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஒரே ஆள்'. ஒன்பது வருடமாக வாய் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வம்பு ஆரம்பித்தது இப்படித்தான். நோயாளியின் பெயரை அடித்தால் அந்தப் பெயர் கொண்டவர்களின் லிஸ்ட் வரும். அதில் முதல் ஆளை டாக்டரின் திரையில் காட்டும்படி எழுதியிருந்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் வருவார்கள் என்று யார் கண்டது? மனைவியின் அண்ணன் ஒருநாள் பல்லைச் சுத்தம் செய்யப் போனார். திரையில் வந்ததோ அதே பெயருள்ள இன்னொருவரின் எக்ஸ்ரே. டாக்டர் படத்தைப் பார்த்தாரே தவிர வாயைப் பார்க்கவில்லை. கல்லு மாதிரி இருந்த முன்பல் போயே போய்விட்டது.

அன்றிலிருந்து மச்சான் வாயைத் திறந்தால் விசில்தான். இவர் மறுநாளே புரோகிராமைத் திருத்திவிட்டார். ஆனால் மச்சான் விடுவாரா?

"மாப்ளே, நீங்க திருத்திட்டீங்க. உங்கள மாதிரி இன்னும் எத்தனை பேரு எழுதறாங்க? எவனும் இந்தத் தப்பைப் பண்ணாத மாதிரி ஏதாவது செய்ங்க. அதுவரைக்கும் இந்த ஓட்டையை அடைக்க மாட்டேன். எல்லாரும் பாக்கட்டும்!"

பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. சொன்னபடியே பல் கட்டாமல் எல்லாக் கல்யாணத்திலும் வந்து நின்று, போட்டோவில் பல்லைக் காட்டிச் சிரித்தார். இவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

அதனால்தான், தாம் புரோகிராம் எழுதும் கம்ப்யூட்டர் மொழியைப் பராமரிக்கும் குழுவுக்கு எழுதிப் போட்டார். லிஸ்ட்டில் ஒரே ஆள் இருந்தால் அந்த ஆளைக் கொடுக்க வேண்டும். யாருமே இல்லாவிட்டாலும், ஒருவருக்கு மேல் இருந்தாலும், அங்கேயே நின்று கத்த வேண்டும். அப்படியொரு மெத்தட், அதாவது ஆயத்தக் கட்டளை, மொழியிலேயே வேண்டும் என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் இரண்டு முறை கேட்டும் ஒரே பதில்: "மூன்று வரியில் யாரும் எழுதிக்கொள்ளலாம். தேவையில்லை." மூன்றாம் முறையும் மறுத்தால் பிறகு கேட்கவே முடியாது என்பது குழுவின் விதி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூன்றாம் முறையாகக் கேட்க, இஸ்திரி போடாத துணி மூட்டையைத் தள்ளிவிட்டுக் குழுவின் வீடியோ கூட்டத்துக்குக் கேமரா முன் உட்கார்ந்தார். கட்டில் ஓரத்தில் மச்சான்.

"எத்தனை தடவைங்க சொல்றது? மூணே வரி. இதோ, எழுதியே காட்டறேன்" என்று குழுத் தலைவர் எல்லோருக்கும் தெரியும்படி தட்டினார். முதல் ஆளை எடு. இரண்டாவது ஆள் இருந்தால் கத்து. இல்லையென்றால் முதல் ஆளைக் கொடு.

இவர் தொண்டையைச் செருமினார். "ஐயா, லிஸ்ட்டே காலியா இருந்தா?"

தலைவர் ஒரு வரியைச் சேர்த்தார். அவசரத்தில் இன்னொரு வரியை அழித்தும் விட்டார்.

"இப்ப ரெண்டு பேர் இருந்தா கத்தவே மாட்டேங்குதே" என்றார் குழுவில் இருந்த ஓர் அம்மா. தலைவர் மறுபடி திருத்தினார். ஆறு வரி ஆகியும் தப்பு தீரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்தானே! கட்டில் பக்கம் பொங்கிய சிரிப்பு விசிலாக மைக்கில் பாய்ந்தது.

"அது என்ன சத்தம்?"

"என் மச்சான், ஐயா. அவருக்காகத்தான் கேக்கறேன்" என்று பல் கதையைச் சொல்லிவிட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே தப்பு வருது. இது மொழியிலேயே இருக்கட்டும்" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். "எங்க அண்ணனுக்குப் பல்லு கட்டணும்" என்று பெயரைச் சொன்னாள்.

"இந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்காங்கன்னு கம்ப்யூட்டர் நிக்குதுங்க. எந்த ஆளு?"

மச்சான் போனைப் பிடுங்கினார். "முன்பல்லு இல்லாத ஆளும்மா!"

"ரெண்டு பேருக்குமே இல்லைன்னு போட்டிருக்கே, சார். உங்க போன் நம்பரைச் சொல்லுங்க, பாத்துக்கறேன்."

மச்சான் வாயைப் பிளந்தபடி இவரைப் பார்த்தார். பிறகு, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, இவர் தோளில் கைபோட்டுக்கொண்டு தன் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, விசிலோடு, சொல்லத் தொடங்கினார்.