மூன்று சக்கர பிரேக்

அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் "சிடுமூஞ்சி கடை" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பழைய கார்களுக்கு பிரேக் பார்ப்பதில் முதலாளி சிடுமூஞ்சியை அடிக்க ஆளில்லை, திட்டுவதிலும் அப்படியே. "சத்தம் மட்டும் நின்னாப் போதும்" என்று வருகிறவரை, "அப்ப பாட்டச் சத்தமா வெச்சுக்கய்யா" என்று விரட்டுவார். திட்டு வாங்கினவர்களும் மறுபடி அவரிடமே வந்தார்கள். உயிர்மேல் ஆசை யாரை விட்டது?

அவர் வாய் அடங்குவது தங்கை கணவரிடம் மட்டும். "கட்டிக் கொடுத்த இடம். மாப்பிள்ளைகிட்ட குரல உசத்தாத" என்று அம்மா கல்யாணத்தன்றே சத்தியம் வாங்கிவிட்டாள். மாப்பிள்ளையோ எதையும் தள்ளிப்போடுவதில் மன்னன். ஒழுகுகிற குழாய், பூட்டாத ஜன்னல், எல்லாமே அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டியவை. சிடுமூஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க மாப்ள" என்பார். பிறகு கடைக்கு வந்து அகப்பட்டவனை வாங்கு வாங்கென்று வாங்குவார்.

ஒரு காலை மாப்பிள்ளை தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இடுப்பில் குழந்தையோடு தங்கை இறங்கினாள்.

"பிரேக் போட்டா லேசா வலது பக்கம் இழுக்குது மச்சான். சும்மா ஒரு பார்வை பாருங்க. மத்தியானம் மலைக்குப் போறோம்."

முன்சக்கரங்களில் குறையில்லை. பின்னால் வலதும் சரி. இடதைக் கழற்றினார். பிரேக் உரசுகிற டிரம் உட்புறம் பளபளவென்று இருக்க வேண்டும். இதிலோ துரு. பிரேக் ஆயில் குழாயைத் தடவிக்கொண்டே காருக்கு அடியில் போனார். ஓரிடத்தில் கறுப்பு டேப் தட்டுப்பட்டது. பிரித்தார். சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளுகிற சிலிண்டர் ஒழுகியதற்கு, அதற்குப் போகிற குழாயையே குறடால் நசுக்கி மடித்துவிட்டிருந்தார்கள். இனி ஆயில் ஒழுகாது. அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது.

எந்தப் படுபாவி செய்த வேலை? ரத்தம் கொதிக்க வெளியே வந்தார். அவர் கையில் டேப்பைப் பார்த்ததுமே மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"அதுவா? மழைக்காலத்துல ஒழுகுச்சு. வழில ஒருத்தன் அடைச்சு விட்டான். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

தெரிந்தே! தெரிந்தே பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்! வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. அந்தப் பாழாய்ப்போன சத்தியத்தின்மேலும் அவருக்கு ஆத்திரம் வந்தது.

டிரம்மையும் சக்கரத்தையும் திரும்ப மாட்டினார். ஜாக்கியில் அந்தப் பக்கம் தூக்கியே நின்றது.

"மாப்ள, உள்ள உக்காந்து பிரேக்க அழுத்தி மிதிங்க. நான் சொல்றவரைக்கும் கால எடுக்காதீங்க."

பிறகு தங்கையைக் கூப்பிட்டார். "பிள்ளைய இப்படிக் குடும்மா. அந்தச் சக்கரத்தச் சுத்து."

"பிரேக் போட்டிருக்காரேண்ணா, எப்படிச் சுத்தும்?"

"சுத்திப் பாரு."

ஒரு கையால் தள்ளினாள். சக்கரம் சுற்றியது, நிற்காமல் சுற்றியது.

"நல்லா மிதிச்சிருக்கீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

அவள் அண்ணன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துலேர்ந்து" என்றார் மாப்பிள்ளை, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி.

"நேத்துகூடப் பின்சீட்டுல பிள்ளைய மடில போட்டுத் தூங்கிட்டு வந்தேனே!"

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவுக்குச் சத்தியம் பண்ணது நீ. நான் பண்ணல."

ஆரம்பித்தாள் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்குத் தப்பாத தங்கை. சிடுமூஞ்சி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

அவ்வளவு நேரமும் மாப்பிள்ளை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல சிடுமூஞ்சிக்கும் மனம் வரவில்லை.