தெக்கான் குதிரைப்படையும் ஞானரட்ணமும்

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் ஞானரட்ணம் பதினாறு வருடமாகக் கொத்துரொட்டி போடுகிறார். திங்கட்கிழமை லீவு. அந்த லீவுகளையெல்லாம் ஒரு குதிரைப்படைக்கே கொடுத்துவிட்டார்.

தெரிந்தவர் ஒருவர் வீடு மாற உதவி செய்ய வடக்கே சொம் ஆற்றுப் பக்கம் போனபோது, போர்க் கல்லறைத் தோட்டமொன்றில் இந்தியப் பெயர்களைக் கண்டார். விசாரித்ததில், முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்த செகந்தராபாத் குதிரைப்படைப் பிரிகேட் பற்றித் தெரியவந்தது. பதுங்கு குழிகளுக்குப் பின்னால், சேற்றில், குதிரைகளோடு மாதக்கணக்கில் உத்தரவுக்காகக் காத்துக் கிடந்தவர்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஐந்து வருடம் காத்திருந்த ஞானரட்ணத்துக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசித்து, குறிப்பெழுதி நாலு கொப்பிகளை நிரப்பினார்.

கடைக்குச் சாப்பிட வரும் கபிரியேலிடம் ஒருநாள் ஆசையாக அந்தக் கொப்பிகளைக் காட்டினார். கபிரியேல் புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். அவர் பேசும் பிரெஞ்சுக்கு வெள்ளைக்காரரே தலையாட்டுவார்கள். கபிரியேலும் அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். எட்டு மாதத்தில், அதே பிரிகேட் பற்றிக் கண்காட்சி வைக்கும்படி பேட்டை நூலகம் கபிரியேலைக் கேட்டது. சேர்ந்து செய்யலாம் என்று கபிரியேல் கூப்பிட்டார். நேரமில்லை என்று சொல்லிவிட்டார் ஞானரட்ணம். அன்று முழுக்க ரொட்டியைத் தேவைக்கு மேலே கொத்தினார்.

திறப்புக்கு முந்திய வாரம் கண்காட்சிப் பலகைக்காக எழுதியதைக் கபிரியேல் கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னார். 1916 ஜூலையில் ஒரு மாலை, கோதுமை வயலுக்குள் ஈட்டியோடு பாய்ந்தது பூனா குதிரைப்படை என்றிருந்தது. பூனா அதே பிரிகேட்டின் இன்னொரு படை; பாய்ந்தது தெக்கான் குதிரைப்படை. ஞானரட்ணத்துக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

"ஓம் அண்ணை, எல்லாம் சரி," என்றார்.

திறப்பு விழாவுக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். நூலகப் பொறுப்பாளர் மனோன் கபிரியேலைப் புகழ்ந்து முடித்தபோது ஞானரட்ணம் எழுந்தார். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், அது பூனா இல்லை, தெக்கான் என்றார். கபிரியேல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"போன வாரமே உங்ககிட்ட காமிச்சேனே, முசியே. அப்ப சரின்னு ஏன் சொன்னீங்க?"

கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியும். தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்த ஞானரட்ணம், மெத்ரோ ஏறாமல் புறநகரான லா கூர்னெவ் வரை நடந்தே வீட்டுக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து நூலகத்துக்குள் நுழைந்தார். பலகையில் தெக்கான் என்று திருத்தியிருந்தார்கள். அடியில் ஆய்வு செய்தவர்கள் என்று இரண்டு பெயர்கள். தன் பெயரை யார் போடச் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கண் கலங்கியது. ஆனாலும் கபிரியேலின் பெயர் மேலே இருப்பதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.