உள்பக்கம் ஒட்டிய தாள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அன்று அந்தக் கதவைத் தள்ளியவை இந்தக் கைகள்தான்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து, விடுமுறைக்கு வருபவர்களுக்கு வீடுகளை மறுபடி வாடகைக்கு விடலாம் என்றார்கள். எங்கள் மாடி அறையை நானும் நாத்தனாரும் சேர்ந்து வாடகைக்கு விட்டோம். இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் சோறு. ஊரடங்கில் அங்கே கடைசியாகத் தனிமையில் இருந்தவர் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேறிவிட்டார் என்று கேள்வி.

கட்டுப்பாடு ஒன்றுதான். ஒருவர் காலி செய்ததும் மருந்தடித்து, கதவையும் நிலையையும் சேர்த்துத் தாள் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். மூன்று நாள் யாரும் நுழையக் கூடாது. மீறினால் அனுமதி ரத்து.

முதல் முறை திறந்தபோது துண்டு ஈரமாக இருந்தது. அடுத்த முறை, தலையணையில் குழி.

சாவி நாத்தனாரிடம். தாள் ஒட்டுவதும் அவள்தான். எனக்குத் தெரியாமல் ஆள் வைக்கிறாளோ? பேய் என்று நினைத்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வீட்டு மனுஷியைச் சந்தேகப்பட்டுக்கொண்டு அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முடியவில்லை.

மூன்றாவது முறை நானே ஒட்டினேன். நானே கையெழுத்திட்டேன். சாவியையும் கேட்டேன்.

"என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிடுங்க அண்ணி. நிம்மதியா இருக்கும்" என்றாள்.

சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

திறக்கும் நாள். பட்டப்பகல், பதினொன்று பத்து. மதியம் ஆள் வருகிறார். தாள் ஒட்டியபடியே இருந்தது. என் கையெழுத்து கலையவில்லை.

உள்ளே குழாய் ஓடியது... நின்றது.

நாத்தனார் என் பக்கத்தில்தான் நின்றாள். என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

தாளைப் பிளேடால் அறுத்தேன். பூட்டைத் திறந்தேன்.

கதவு அசையவில்லை.

இரண்டு கையாலும் தள்ளினேன்.

சர்ர்ர்...

உள்ளே ஏதோ கிழிந்தது.

யாரும் இல்லை. சன்னல்களில் உள்தாழ்ப்பாள்.

கதவின் உள்பக்கம்... இன்னொரு தாள். நிலையோடு சேர்த்து ஒட்டியது. இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

தொட்டேன்.

பசை ஈரம்.

வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். அனுமதியை நாங்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். சாவியை நாத்தனாரிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

மறுவாரம் நர்ஸின் தங்கை போன் செய்தாள். அக்காவின் பெட்டி ஏதும் இங்கே இருக்கிறதா என்று கேட்டாள். தேறவில்லையா என்றேன்.

"இல்லங்க. ஆஸ்பத்திரியிலேயே போயிட்டாங்க. உங்க ரூம்ல இருந்தப்ப கதவுக்கு உள்பக்கம் பேப்பர் ஒட்டிக்குவாங்களாம். தெரியாம யாரும் தொறந்து வந்து, அவங்களுக்கும் நோய் ஒட்டிக்கக் கூடாதுன்னு. கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டாங்க... யாரும் கதவைத் தொறக்கலையேன்னு."