லிஃப்டுக்காக இரண்டு முறை பேசினேன்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நான்கு மாடி, பதினாறு வீடு, ஒரு லிஃப்ட். சென்ற ஆண்டு ஒரு காலையில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் அசோசியேஷன் ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தது. வீட்டு வேலைக்கு வருபவர்கள் இனி படியைத்தான் பயன்படுத்த வேண்டும், வரும் ஞாயிறு கூட்டத்தில் இது விதியாக்கப்படும் என்று போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. ஆற்றோரத்தில் இருந்த அவர் வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டு ஊருக்கு வெளியே வேறு வீடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறார். எங்கள் கட்டடத்தில் மட்டும் அவருக்கு நான்கு வீடு, எல்லாமே மூன்றாம் நான்காம் மாடிகளில். விதி வந்தால் நான்கையும் விட வேண்டியிருக்கும். நான் காகிதத்தைப் படித்துக் காட்டியதும் அவர், "ஏர்றது கூட..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் கையை உயர்த்தி, கவலைப்படாதீர்கள், கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்றேன். என் மனதில் அதற்குள் முதல் பாயிண்ட் தயாராகியிருந்தது.

எனக்கு வேலை கிண்டியில், மென்பொருளில் பிழை தேடுவது. பட்டியல் போடாமல் காய்கறி வாங்கக்கூடப் போகமாட்டேன். சனிக்கிழமை காலைகளில் தி. நகரில் ஒரு பேச்சுப் பயிற்சிக் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கேள்வியோடு தொடங்கு, மூன்று கருத்துக்கு மேல் வைக்காதே, ஒவ்வொருவர் கண்ணையும் பார், முக்கியமான வரிக்கு முன்னால் நிறுத்து என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் மேஜை மணியோடு உட்கார்ந்து, பேசுபவர் 'வந்து' என்றோ 'அதாவது' என்றோ இழுக்கும்போதெல்லாம் தட்டுவார். தொடர்ந்து மூன்று வாரம் எனக்கு மணி அடிக்கவில்லை. கேட்பதற்கும் அங்கே விதி இருந்தது: பேச்சு முடிந்ததும் கைதட்டு, இரண்டு நிறை சொல், ஒரு குறை சொல். கேட்பது என்றால் அவ்வளவுதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பைக்குகளை ஓரம் தள்ளிவிட்டு கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் மூன்று நிமிடம் பேசினேன். லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், காலையில் எந்த அரை மணி நேரம் நெரிசல், நான்கு மாடி ஏறினால் முட்டிக்கு என்ன ஆகும். எல்லாரையும் பார்த்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். மணி இருந்திருந்தால் ஒருமுறைகூட அடித்திருக்காது.

கைதட்டினார்கள். செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து, "ரொம்ப நன்னா பேசறேம்மா. நம்மாத்துக் குழந்தைகள்லாம் இப்படிப் பேசக் கத்துக்கணும்" என்றார். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அடுத்தது தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது என்றார். அன்று மாலை கூட்டக் குறிப்பு வாட்ஸப்பில் வந்தது. நான்காம் மாடி உறுப்பினரின் மகள் சிறப்பாக உரையாற்றினார் என்று ஒரு வரி. வரும் முதல் தேதியிலிருந்து விதி அமலுக்கு வரும் என்று அடுத்த வரி. கைதட்டியே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். என்ன பேசினாய் என்று கேட்டார். சமையலறையில் நின்று முழுப் பேச்சையும் சொன்னேன். அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏர்றதுல இன்னா கீது பாப்பா? கைப்பிடிய புடிச்சிக்கினு ஏறிடுவேன். எறங்கறதுதான் உசுரு போவுது. நாலு வூட்டு குப்பை, நாலு தபா எறங்கணும். ஒரு கைல குப்பை, ஒரு கைல பக்கெட்டு, எத்த புடிக்கிறது? போன மாசம் கரண்டு இல்லாத அன்னிக்கு ரெண்டாவது மாடில அப்டியே குந்திக்கினேன்."

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்ல வுட்டியா நீ? டீச்சரம்மா மாரி கைய காட்டிட்ட."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். கடைசியாக அவர் ஒரு நிபந்தனை போட்டார். எங்கே பேசினாலும் தன் பெயர் வரக்கூடாது, மற்ற மூன்று வீடுகளும் தனக்குச் சோறு போடுகின்றன என்றார்.

எட்டு வீடுகள் கையெழுத்துப் போட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டலாம் என்று அசோசியேஷன் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அப்பா, இருக்கிற இடத்தில் எதற்கு வம்பு என்றார். எங்கள் வீட்டு ஓட்டு மட்டும் ஒழுங்காகப் போடுங்கள், மற்ற வம்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வாரம் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் இரண்டு மூன்று கதவுகளைத் தட்டினேன். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: லிஃப்டில் உங்களுக்கு என்ன தொந்தரவு? அதன் பிறகு வாயைத் திறக்காமல் இருந்தேன். குழுவில் மணி அடிக்காமல் பேசுவதைவிட இது கடினமாக இருந்தது. பாதி வாக்கியத்திலேயே பதில் நாக்கு நுனிக்கு வந்துவிடும்.

பேசவிட்டால் ஜனங்கள் சொல்லிவிடுகிறார்கள். ஈரப் பக்கெட்டு சொட்டித் தரை வழுக்குகிறது என்றார்கள் நான்கு வீட்டில். ஒன்றும் தொந்தரவே இல்லை, எங்களை யார் கேட்டார்கள் என்றார்கள் ஏழு வீட்டில். ஒரு வீட்டில், பக்கத்தில் நிற்கவே ஒரு மாதிரி இருக்கிறது என்றார் ஓர் அம்மா. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சரியாக எழுதியிருக்கிறேனா என்று கேட்டேன். முகம் மாறியது. அதை அடித்துவிடு என்றார். யார் சொன்னது என்று சொல்லமாட்டேன், ஆனால் அடிக்கமாட்டேன் என்றேன்.

எட்டுக் கையெழுத்தும் சேர்ந்து கூடிய இரண்டாவது கூட்டத்தில் நான் பேசவில்லை, படித்தேன். தலையைக்கூட அதிகம் நிமிர்த்தவில்லை. வீட்டுக்கு வீடு அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே படித்தேன். எண்ணாமல் 'வந்து' போட்டேன். பக்கத்தில் நிற்பதைப் பற்றிய வரியையும் படித்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில், படியில் நான்கு தடவை இறங்கப் போவது நம்முடைய குப்பை என்று மட்டும் என் சார்பில் சேர்த்தேன்.

செயலாளர் வருத்தத்தோடு, "போன தடவை எவ்ளோ அழகா பேசினே. இன்னிக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

"போன தடவை நான் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் காத்திருந்தேன். முன்வரிசையையும் பார்த்தேன். நெரிசல் பற்றி ஏதோ, என்று ஒருவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு, நன்றாகப் பேசினேன் என்று இன்றைக்கு யாரும் சொல்ல வேண்டாம், கை தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன் என்றேன்.

விதி வேண்டாம் என்று ஒன்பது கை, வேண்டும் என்று ஆறு. ஒரு வீட்டுக்காரர் இரண்டுக்கும் தூக்கவில்லை. பக்கெட்டை மூடி போட்டு எடுத்துவர வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. மூடி போட்ட பக்கெட்டை அசோசியேஷனே வாங்கட்டும் என்றேன். அதையும் குறிப்பில் எழுத வைத்தேன், வார்த்தைக்கு வார்த்தை. எழுதி முடிக்கும்வரை செயலாளரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

தி. நகர் குழுவில் அடுத்த சனிக்கிழமை இதையே தலைப்பாக எடுத்தேன். மணி பதினொரு முறை அடித்தது. முடித்ததும், கைதட்ட வேண்டாம், நான் சொன்னதை யாராவது திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அது குழுவின் வழக்கம் இல்லை என்றார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.

முதல் தேதி காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது அக்கா குப்பையோடு லிஃப்டுக்கு வந்தார். சேர்ந்து ஏறினோம். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. விதி வேண்டும் என்று கை தூக்கியவர்களில் ஒருவர் கைப்பையோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அரை அடி பின்னால் போனார். அக்கா ஓரமாக ஒதுங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "வாங்கம்மா, எடம் கீது" என்றார்.

கைப்பையோடு நின்றவர் படியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏறவில்லை.

அக்கா பட்டனை அழுத்தினார். நாங்கள் இறங்கினோம்.