லிஃப்ட்காரரின் நங்கூரம்

அரைக் குவளைத் தண்ணீரில் தட்டு, டம்ளர், கரண்டி மூன்றையும் கழுவிவிட்டு, மிச்சமிருந்ததில் கையையும் கழுவிக்கொண்டார் லிஃப்ட்காரர். குழாயைத் திறந்தால் கொட்டுகிற மூன்றாம் மாடி வீடு அது.

"தொறந்துவிட்டு நல்லாத்தான் கழுவுங்களேன், யாரு கேக்கப் போறா?" என்றாள் மனைவி.

"டேங்க் தீந்துடும்மா."

அவர் சொன்ன டேங்க் பத்து நிமிட நடையில், படகுத்துறையின் கடைக்கோடியில் கட்டிக்கிடந்த இருபத்தெட்டு அடிப் பாய்மரப் படகில் இருந்தது. எண்பது லிட்டர் பிடிக்கும். அதை வைத்து இரண்டு பேராக ஒரு வாரம் ஓட்டியவர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் கை நீளாது. கழுவிய டம்ளரை அவர் ஈரத்துணியின் மேல்தான் வைப்பார். அலை வந்தால் சரிந்துவிடும் அல்லவா? மூன்றாம் மாடிக்கு எந்த அலை வரும் என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கு அலுத்துவிட்டது.

முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே இருந்த வீட்டை விற்றுப் படகை வாங்கினார். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று சொந்தக்காரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். "இத்தனை வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு. இனிமே கொஞ்சம் குறுக்கால போவோமேன்னு தோணுச்சு" என்பது அவருடைய விளக்கம். மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். "ஊரே பேசறதக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருந்துச்சு. நானும் சரின்னுட்டேன்" என்பாள்.

ஒன்பது வருடம் அதில் குடித்தனம் நடத்தினார்கள். நடுக்கடலுக்கெல்லாம் போகிற வீரம் இருவருக்கும் கிடையாது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே பகலெல்லாம் பாய் விரித்துப் போய், சாயங்காலம் காற்று அடங்கிய ஏதாவது ஒரு வளைவில் நங்கூரம் போடுவார்கள். உள்ளே அவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். படுக்கையில் புரள்வதற்குக்கூட "நான் திரும்பறேன், நீயும் திரும்பு" என்று சொல்லிவிட்டுத்தான் புரள முடியும். வாழ்ந்தோம் என்று சொல்ல அவரிடம் இருந்தது அந்த ஒன்பது வருடம்தான்.

சண்டை வராமல் இல்லை. எல்லாச் சண்டையும் நங்கூரம் போடுகிறபோதுதான். முன்முனையில் நின்று சங்கிலியை இறக்குவது அவர். பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் எஞ்சினையும் பார்ப்பது அவள். எஞ்சின் சத்தத்தில் அவர் "மெதுவா" என்று கத்துவது அவளுக்கு வசவாகக் கேட்கும். பக்கத்துப் படகுக்காரர்கள் டீயோடு வெளியே வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மானம் கப்பலேறிய ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: இனி பேச்சே கிடையாது, கை ஜாடைதான். விரித்த உள்ளங்கை என்றால் மெதுவாக. மூடிய விரல்கள் என்றால் நில். கரையில் ஒரு மரம், அதன் பின்னால் ஒரு சுவரின் மூலை என இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்பார். எஞ்சின் பின்னுக்கு இழுத்தும் கோடு விலகவில்லை என்றால் நங்கூரம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே கையைத் தலைமேல் வைப்பார், அவள் எஞ்சினை நிறுத்துவாள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள், தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பது அவள் வாதம்.

பிறகு அவளுக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை நடந்தது. படகின் செங்குத்தான ஏணிப்படியில் இனி கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் மாடியில், லிஃப்ட் உள்ள இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அவள் இங்கே, அவர் அங்கே. காலையில் வருவார், சாப்பிடுவார், லிஃப்ட் ஏறும்போது வருகிற முனகலைக் குறை சொல்லுவார், வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார். ஒரு மதியம் கட்டிலில் படுத்துப் பார்த்தார். "ஆடவே மாட்டேங்குது. இதுல எப்படித் தூங்கறது?" என்று எழுந்துகொண்டார்.

படகைக் கேட்டு ஒரு பல் டாக்டர் மூன்று முறை வந்தார். பெண்ணைக் கொடுக்க மனமில்லாத தகப்பனைப் போல லிஃப்ட்காரர் தன் படகைத் தானே குறை சொன்னார். "எஞ்சினுக்கு இருமல் சார். பாய்க்கும் வயசாச்சு." மனைவி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "அங்க உங்களுக்குத் துணையில்ல. இங்க எனக்குத் துணையில்ல. இது என்னங்க குடித்தனம்?" அவர் டம்ளரை ஈரத்துணியில் நகர்த்தி வைத்தார்.

போன மாதம் தனியாகவே படகை எடுத்துக்கொண்டு பழைய வளைவு ஒன்றுக்குப் போனார். எஞ்சினை மெல்லப் பின்னோக்கி ஓடவிட்டு, முன்முனைக்கு நடந்து சங்கிலியை இறக்கினார். மரமும் சுவரும் கோட்டில் நின்றன. தலைமேல் கை வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன இவள், தூங்கிவிட்டாளா என்று எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். சுக்கானடியில் அவளுடைய பழைய மெத்தைத் துண்டு மட்டும் கிடந்தது. தலையில் வைத்த கை அப்படியே இருக்க, வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு தானே பின்னால் நடந்து போய் எஞ்சினை நிறுத்தினார்.

கரைக்கு வந்து பல் டாக்டருக்குப் போன் செய்தார். "இருமல்லாம் ஒண்ணுமில்ல சார். நான் சும்மா சொன்னேன்."

சாவியைக் கொடுத்த அன்று, ஒரு துணிப்பையும் அந்த மெத்தைத் துண்டுமாக மூன்றாம் மாடிக்கு வந்தார். சமையலறையில் மிக்சி இரைந்துகொண்டிருந்தது. அவர் நேரே பால்கனிக்குப் போனார். கம்பியின் மூலையையும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். கோடு இம்மியும் விலகவில்லை.

சமையலறை வாசலுக்கு வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரைச்சலில் என்ன சொன்னாலும் கேட்காது. அவர் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தார்.

அவள் மிக்சியை நிறுத்தினாள்.