ஹெர்மினியா பேசாத நான்கு மாதம்

அமெரிக்காவின் டூசான் நகரத் தென்பகுதியில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் ஹெர்மினியா சாமானியேகோ. நாற்பது பிள்ளைகளின் கூச்சலை ஒரே அதட்டலில் அடக்கிவிடுவாள். பார்க்கின்சன் நோய் வந்து வலது கை நடுங்கத் தொடங்கியபோதுகூட அவள் வாய் ஓயவில்லை. "சூப்புக்கு உப்புப் போட இனி நான் மெனக்கெட வேண்டாம், கை அதுபாட்டுக்குத் தூவிக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாம் வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது, பேச்சும் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடிதான். ஞாயிறன்று சர்ச் பூசைக்கும் கிளம்பவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்காக என்று தெரியாமல் நின்றாள்.

அவள் புருஷன் ரொசெந்தோ, டயர் கடைக்காரர், இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் செய்த தப்பு ஒன்றா இரண்டா? எந்தத் தப்புக்கான கோபம் என்று பிடிபடாததால் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்.

"கிழவி, உன் தங்கச்சி குடுத்த கிளி தானா பறந்து போகல. நான்தான் கூண்டைத் திறந்துவிட்டேன். விடியறதுக்கு முன்னாடியே கத்துச்சு, என்ன பண்றது?"

பதில் இல்லை.

"உங்கம்மாவோட பூச்சாடி இருந்துச்சே... அது பூனை உடைச்சதில்ல."

அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் ரொசெந்தோவுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் புஸ்தோஸ் அவர்கள் வீட்டு ஸ்பானிய மொழியிலேயே பேசினார். "ஒரு நிமிஷம் தரேன். தெரிஞ்ச மிருகத்தோட பேரெல்லாம் சொல்லுங்கம்மா."

"நாய்" என்றாள். நிமிஷம் முடியப்போகும்போது, "இன்னொரு நாய்."

"மூளை போயிடுச்சா டாக்டர்?" என்று ரொசெந்தோ பதறினார்.

டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு அவளிடம் கேட்டார். "மத்த பேரு ஞாபகம் வரலையா, சொல்லத் தோணலையா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"இந்த நோய் கையை மட்டும் ஆட்டாதும்மா. மனசையும் கீழ இழுக்கும். மனசு சோர்ந்தா யோசனையும் மெதுவாத்தான் ஓடும். இது உங்க குத்தமில்ல. மருந்து இருக்கு."

"அப்ப என்னாலயும் இல்லையா?" என்றார் ரொசெந்தோ.

மாத்திரை தந்தார்கள், வாரம் ஒருநாள் மனநல ஆலோசகரிடம் போய்ப் பேசவும் சொன்னார்கள். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஏழாம் வாரம், காலைக் காபியைக் கலக்கியபடி அவள் நிமிர்ந்தாள்.

"கிளியைத் திறந்துவிட்டது நீயா?"

"ஆமா கிழவி, நானேதான்!" ரொசெந்தோவுக்கு வாயெல்லாம் பல்.

"செய்றதையும் செஞ்சுட்டு இளிப்பைப் பாரு!"

அடுத்த சோதனையில் பதினாலு மிருகம் சொன்னாள். நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னபோது மட்டும் பாதியில் தடுமாறினாள். கை நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது. சில நாள் மனமும் இறங்கும். அப்போது அவளே சொல்லிவிடுவாள், ரொசெந்தோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

போன மாதம் பூசை முடிந்து பெண்கள் கூடியிருந்தபோது, "எனக்கு மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடறேன்" என்று பஸ்ஸில் அதட்டும் அதே குரலில் சொன்னாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், இரண்டு பேர் தனித்தனியாக வந்து டாக்டர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.