சாமி மரத்து வழி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன், யாரிடமும் கை நீட்டாமல். கடைசி மகள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. ஆம்பிளைகள் பார்த்துவந்த வேலை அது. லயத்து வரிசை வீட்டில் அவளோடும் பேத்தியோடும்தான் இருக்கிறேன்.

தோட்டம் பெரிய கம்பனியுடையது. பொறுப்பான ஆள் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டால் அடுத்தது யார் என்று கம்பனிக்குக் கவலை வந்தது. ஆபீசில் கூட்டம் மேல் கூட்டம் வைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மானேஜராக வந்த புதுத் துரை சுருக்கமாக முடித்துவிட்டார். அவரவர் தமக்கு அடுத்த ஆளைக் காட்டிப் பழக்க வேண்டும். புதன்கிழமை அந்த ஆள் வேலையை நடத்த வேண்டும், பழைய ஆள் வீட்டில் இருக்க வேண்டும். நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு வேறு.

"என்னடி, அடுத்த ஆளைக் காட்டிட்டியாமே? அப்ப ஒன் பேர வெட்டப் போறாங்க," என்று பக்கத்துக் காம்பராக்காரி மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"மொதல்ல ஒன் வாய வெட்டட்டும்," என்றாள் மகள். ஆனால் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் காட்டியது மேல் லயத்துக்கு வாழ வந்த ஒரு பெண்ணை. கெட்டிக்காரி. ஆள் பிரிப்பது, கொழுந்து நிறுப்பது எல்லாம் பழக்கினாள்.

ஆறாம் நம்பர் மலைக்கு என் மகள் எப்போதும் மேலே சுற்றித்தான் போவாள். கொழுந்துச்சாமி மரத்தடியில் முதல் பிடிக் கொழுந்தை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் பெண்களை இறக்குவாள். கீழ்க்கான், அந்த வடிகால் ஓரமாகப் போனால் பாதி நேரம் மிச்சம். சாமிக்காகத்தான் சுற்றுகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

அந்தப் பெண் நடத்திய முதல் புதன்கிழமை ஆறாம் நம்பரில் கொழுந்து. நானும் மகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் கீழ்க்கான் பக்கம் திரும்புறாங்க? சாமி மரத்துக்குப் போகலையா?" என்றேன்.

மகள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கான் ஓரத்து மரத்துல குளவிக்கூடு இருக்கும்மா. பானை கணக்கா."

"அவகிட்ட சொல்லலையா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கும்மா?"

சொன்னவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். பனி அவளை மூடிவிட்டது. "நில்லுங்கடி! எறங்காதீங்க!" என்ற சத்தம் மட்டும் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. குளவி கொட்டி மலையிலிருந்து தூக்கி வந்த பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை எழுத மாட்டேன். பாதையைப் பார்த்தபடியே நின்றேன்.

நல்லவேளை, எல்லாரும் நடந்தே திரும்பினார்கள். அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"சாமிக்குத்தான் சுத்துறீங்கன்னு நெனச்சேங்க்கா. நாளைக்குக் கும்பிட்டுக்கலாம்னு எறங்கப் பாத்தேன். எம்புள்ள இன்னும் பால்கூட மறக்கலக்கா."

சாயந்தரம் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து, இனிமேல் வெள்ளிக்கிழமையும் அந்தப் பெண்ணே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மகளின் முகம் இறுகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: ஒன்பதாம் நம்பர் மலையிலும் ஒரு கூடு இருக்கிறதாம்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றுவரை சொல்லவில்லை.

நாளைக்குப் புதன்கிழமை. ஒன்பதாம் நம்பரில்தான் கொழுந்து. பனி லயத்து வாசல்வரை வந்துவிட்டது. மகள் உள்ளே படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. அவள் வாய் திறக்காவிட்டால் விடிந்ததும் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நான் போய் நிற்பேன். ஒருத்தியையும் அந்த மலையில் இறங்க விடமாட்டேன். பெற்ற மகளுக்கு எதிராகத்தான் என்றாலும் நிற்பேன்.

பேத்தியைக் கூப்பிட்டேன்.

"இந்தாடி, நான் எழுதுனதப் படி. சத்தமாப் படி. ஒங்க அம்மாவுக்குக் கேக்கணும்."